"வாய்ப்பு குறைவு": 1973 அக்டோபரில் இஸ்ரேலின் உளவு எங்கே சறுக்கியது?

1973 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை. இஸ்ரேல் ராணுவத்தின் உளவுப் பிரிவான அமான் அன்று ஓர் அறிக்கையை மேலே அனுப்பியது. சூயஸ் கால்வாயின் மேற்குக் கரையில் எகிப்துப் படைகள் எப்படிக் குவிந்திருக்கின்றன என்பதைப் பத்தி பத்தியாக விவரித்த அறிக்கை அது. அவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு வருபவர், நாளைக்கே போர் என்றுதான் நினைப்பார். ஆனால் 40-வது பத்தி, எகிப்து போரைத் தொடங்குவதற்கான வாய்ப்பு குறைவு என்று சொல்லி முடிந்தது.

மறுநாள் மதியம் 2 மணிக்கு எகிப்தின் 200-க்கும் மேற்பட்ட விமானங்கள், 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றியிருந்த சினாய்க்குள் நுழைந்தன. ஏறக்குறைய 2,000 பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கின. வடக்கே கோலான் குன்றுகளில் சிரியா சுமார் 1,400 டாங்கிகளோடு பாய்ந்தது. எதிரே நின்ற இஸ்ரேலிய டாங்கிகள் 177.

அந்த 40-வது பத்திதான் இந்த ஆய்வின் மையம். முந்தைய பத்திகளில் இருந்ததெல்லாம் சரியான தகவல். அதை எழுதியவர்கள் முட்டாள்களும் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. பிறகு எப்படி அந்தப் பத்தி அங்கே வந்து உட்கார்ந்தது?

48 மணி நேரத்தின் மேல் கட்டிய வீடு

முதலில் இஸ்ரேலின் ராணுவக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைய மக்கள்தொகை சுமார் 33 லட்சம். இத்தனை சிறிய நாடு பெரிய நிரந்தரப் படையை வைத்துக்கொண்டால் வயலிலும் ஆலையிலும் ஆள் இருக்காது. அதனால் எல்லையில் ஒரு மெல்லிய படை, பின்னால் பலமான விமானப்படை, அதற்கும் பின்னால் ரிசர்வ் வீரர்கள் என்று ஏற்பாடு. கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், கல்லூரி ஆசிரியர் எல்லோரும் அழைப்பு வந்ததும் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். இவர்கள் திரண்டு எல்லைக்குப் போய்ச் சேர ஒன்றிரண்டு நாள் ஆகும்.

ஆக, 48 மணி நேரத்துக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் மொத்தப் பாதுகாப்பும் நின்றது. அந்த எச்சரிக்கையைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தது அமான். சூயஸ் கரையில் பார்-லெவ் அரண் என்று மணல் மதிலும் காவல் நிலைகளும் இருந்தன. கேட்கப் பிரமாதமாக இருக்கும். போர் தொடங்கிய நேரத்தில் அந்த நிலைகளில் இருந்தவர்கள் சுமார் 450 பேர். பலர் ஜெருசலேம் பகுதியிலிருந்து வந்த ரிசர்வ் வீரர்கள்.

ரிசர்வை அழைப்பதற்கு விலை உண்டு. தொழில் நின்றுபோகும், அறுவடை கெடும், பக்கத்து நாடு பதறும். அதனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், இது நிஜமா, வெறும் மிரட்டலா என்று. அந்த ஒருவர் யார் என்பதில்தான் வில்லங்கம். வெளிநாட்டு உளவு அமைப்பான மொசாத் உலகப்புகழ் பெற்றிருந்தாலும் தகவல் திரட்டுவதுதான் அதன் வேலை. தேசிய மதிப்பீடு எழுதும் உரிமை அமான் ஒன்றுக்கு மட்டுமே இருந்தது. பிரதமர் கோல்டா மெய்ருக்கென்று தனியாக ஓர் உளவு ஆலோசகர்கூடக் கிடையாது. இரண்டாவது கருத்து கேட்க வேண்டுமென்றாலும் கேட்க ஆளில்லை.

கொன்செப்சியா

அமானின் சிந்தனைக்குப் பின்னாளில் இஸ்ரேலியர்கள் வைத்த பெயர் கொன்செப்சியா. கருத்துரு என்று சொல்லலாம். இன்று ஹீப்ருவில் அது கிட்டத்தட்ட வசைச்சொல்.

அதில் இரண்டே வரிதான். ஒன்று, இஸ்ரேலுக்குள் ஆழமாகப் போய்த் தாக்கும் விமானங்களும் ஸ்கட் ஏவுகணைகளும் கிடைக்கும் வரை எகிப்து போருக்கு வராது. இரண்டு, எகிப்து வராமல் சிரியா தனியாக வராது.

இதை யாரும் கற்பனையில் உருவாக்கவில்லை. எகிப்து அதிபராக இருந்த நாசரின் மருமகனும், அவருக்குப் பின் அதிபரான சதாத்தின் அலுவலகத்தில் இருந்தவருமான அஷ்ரஃப் மர்வான் 1970-ல் லண்டனில் இஸ்ரேலியர்களைத் தானாகவே அணுகினார். சோவியத் தலைவர்களிடம் எகிப்து என்னென்ன ஆயுதம் கேட்டது, அவை இல்லாமல் போர் ஏன் முடியாது என்று விளக்கும் ஆவணங்கள் அவர் வழியாக வந்தன. அதாவது இந்தக் கருத்துரு எகிப்தின் உச்சியிலிருந்தே எடுக்கப்பட்டது. வந்த காலத்தில் அது உண்மையும்கூட. பொய்யாக இருந்திருந்தால் சீக்கிரமே சாயம் வெளுத்திருக்கும். ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான் ஆபத்தாகிப் போனது.

1972 அக்டோபர் 24 அன்று சதாத் தன் தளபதிகளைக் கூட்டினார். இருப்பதை வைத்துப் போருக்குத் தயாராக வேண்டும் என்றார். முடியாது என்ற போர் அமைச்சர் முகமது சாதிக் சில நாட்களில் பதவி இழந்தார். அகமது இஸ்மாயில் அலி அந்த இடத்துக்கு வந்தார். தலைமைத் தளபதி சாத் எல்-ஷஸ்லியின் திட்டம் எளிமையானது. சினாய் முழுவதையும் பிடிக்க வேண்டாம். கால்வாயைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் உட்கார்ந்தால் போதும். இஸ்ரேலிய விமானங்களை எதிர்க்க விமானம் எதற்கு? சோவியத் கொடுத்த விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் குடைக்குக் கீழேயே இருந்துகொள்ளலாம். டாங்கிகளைச் சமாளிக்கக் காலாட்படையிடம் சாகர் ஏவுகணை. மீதியை ராஜதந்திரம் பார்த்துக்கொள்ளும்.

இப்படிப் பார்த்தால் தொலைதூர விமானம் என்ற நிபந்தனைக்கே அர்த்தமில்லை. இந்த மாற்றம் பற்றிய செய்திகளும் மர்வானிடமிருந்து இஸ்ரேலுக்கு வந்தன. ஆனால் அமானின் கோப்பில் பழைய நிபந்தனை அப்படியே கிடந்தது. முழு வெற்றி கிடைக்காது என்று தெரிந்தும் ஒருவன் போருக்கு வருவான் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

புலி வருது கதை

சதாத்தைப் பற்றிய இளக்காரமும் இதில் சேர்ந்துகொண்டது. 1971-ஐ அவர் "முடிவின் ஆண்டு" என்று அறிவித்தார். ஆண்டு முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. 1972-ல் சோவியத் ராணுவ ஆலோசகர்களில் பெரும்பாலோரை வெளியேற்றினார். தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டார் என்றுதான் பலர் சிரித்தார்கள்.

1973 வசந்தத்தில் மீண்டும் புகை. மே மாதத்தில் போர் என்று மர்வானே சொன்னார். அமான் தலைவர் எலி ஜெய்ரா, வாய்ப்பு குறைவு என்றார். தலைமைத் தளபதி டேவிட் எலாசர் அதை ஏற்காமல் "நீலம்-வெள்ளை" என்ற பெயரில் படைகளை உஷார்ப்படுத்தினார். செலவு ஏகப்பட்டது. போர் வரவில்லை. ஜெய்ரா சொன்னது பலித்துவிட்டது. ஆகஸ்டில் உஷார்நிலை விலக்கப்பட்டது.

என் கணிப்பில் அக்டோபர் தோல்வி அந்த மே மாதத்திலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது. ஜெய்ராவின் மதிப்பு உயர்ந்தது. எலாசருக்கு அடுத்த முறை கையைத் தூக்கவே தயக்கம். ஜெய்ரா அப்போது சரியான காரணத்துக்காகச் சரியாகச் சொன்னாரா, தற்செயலாகப் பலித்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. புலி வருது கதையில் கடைசியில் புலி வந்தே விடுகிறது என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

கடைசிப் பன்னிரண்டு நாட்கள்

செப்டம்பர் 13-ல் வானில் நடந்த ஒரு மோதலில் இஸ்ரேல் சிரியாவின் மிக் விமானங்களை ஒரு டஜன் வரை வீழ்த்தியது. அதன்பின் சிரியப் படைகள் எல்லைக்கு நகரத் தொடங்கியதும் விளக்கம் தயாராக இருந்தது. அடி வாங்கியவன் பயத்தில் படை குவிக்கிறான், அவ்வளவுதான்.

செப்டம்பர் 25 இரவு ஜோர்டான் மன்னர் ஹுசைன் ரகசியமாக டெல் அவிவ் அருகே வந்து கோல்டா மெய்ரைச் சந்தித்தார். எதிரி நாட்டு மன்னரே நேரில் வந்து, சிரியா தாக்குதலுக்கு முந்தைய நிலையில் நிற்கிறது என்கிறார். எகிப்து இல்லாமலா என்று கோல்டா கேட்டார். சேர்ந்துதான் செய்வார்கள் என்று நினைப்பதாகச் சொன்னார் ஹுசைன். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அமானின் தராசில் இது சிரியாவைப் பற்றிய தகவல்; எகிப்தைப் பற்றி மன்னருக்கு நேரடியாக என்ன தெரியும் என்று தள்ளிவிட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் மட்டும் கோலானைப் பற்றிக் கவலைப்பட்டார். அதனால் 7-வது கவசப் படைப்பிரிவு வடக்கே நகர்த்தப்பட்டது. பின்னால் கோலான் கை நழுவாமல் இருந்ததற்கு இந்த ஒரு முடிவு பெரிய காரணம்.

அக்டோபர் 1-ல் எகிப்து பெரிய ராணுவப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. இலையுதிர் காலத்தில் இப்படிப் பயிற்சி நடப்பது வழக்கம்தான். தெற்குத் தளபதியகத்தில் இருந்த இளம் உளவு அதிகாரி பின்யாமின் சிமன்-டோவ் மட்டும் பயிற்சிக்குப் பொருந்தாத விவரங்களைக் கவனித்தார். இது பயிற்சி அல்ல, போருக்கான போர்வை என்று அன்றே எழுதினார். 3-ம் தேதி மறுபடியும் எழுதினார். அவருடைய மேலதிகாரி அதை மேலே அனுப்பவில்லை. தலைமையகம் பயிற்சி என்று சொல்லிவிட்ட பிறகு ஒரு லெப்டினன்ட் வேறு சொல்வதா?

எகிப்தும் நடிப்பில் குறைவைக்கவில்லை. திரட்டிய ரிசர்வ் வீரர்களில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பியது. கால்வாய்க் கரையில் வீரர்கள் தலைக்கவசம் இல்லாமல் உலாவினார்கள், குளித்தார்கள். ஆனால் இந்த ஏமாற்று வேலைக்கு அளவுக்கு மீறிய பெருமை கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஏமாறத் தயாராக இருந்தவர்களை ஏமாற்றுவது பெரிய வித்தை இல்லையே.

அப்புறம் வந்தது எந்த விளக்கத்திலும் அடங்காத ஒரு செய்தி. சதாத்தும் சிரிய அதிபர் அசாத்தும் சோவியத் தூதர்களிடம் போர் நெருங்குவதைத் தெரிவித்திருந்தார்கள். அக்டோபர் 4 இரவு முதல் சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் அவசர அவசரமாக விமானத்தில் ஏற்றப்பட்டன. பயிற்சிக்காக யாராவது மனைவி மக்களை ஊருக்கு அனுப்புவார்களா? ஜெய்ராவுக்கே இது உறுத்தியது. ஆனாலும் சோவியத்துக்கும் அரபு நாடுகளுக்கும் பிணக்காக இருக்கலாம் என்பது உள்ளிட்ட மாற்று விளக்கங்கள் மேசைக்கு வந்தன. நிரந்தரப் படைக்கு மட்டும் உச்சகட்ட உஷார்நிலை அறிவிக்கப்பட்டது. ரிசர்வ் அழைப்பு இல்லை.

இந்த இடத்தில் பல ஆண்டுகள் மூடி வைக்கப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. எகிப்தின் ராணுவத் தொடர்புக் கம்பிகளில் இஸ்ரேல் ரகசிய ஒட்டுக்கேட்புக் கருவிகளை வைத்திருந்தது. "சிறப்பு வழிகள்" என்று பூடகமாகச் சொல்வார்கள். இயக்கினால் எகிப்து கண்டுபிடித்துவிடும் அபாயம் உண்டு என்று ஜெய்ரா அவற்றை முழுமையாக இயக்காமல் வைத்திருந்தார். தயானும் எலாசரும் அவை வேலை செய்கின்றன என்றே நம்பினார்கள். அந்தக் கருவிகளில் எதுவும் கேட்கவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கொன்செப்சியாவாவது நேர்மையான தவறு. இதை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

விடியலுக்கு முன் ஒரு செய்தி

வெள்ளி இரவு லண்டனில் மொசாத் தலைவர் ஸ்வி ஜமீர் மர்வானை நேரில் சந்தித்தார். சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்குச் சற்று முன் இஸ்ரேலின் உயர்மட்டத்துக்குச் செய்தி எட்டியது. இன்றே போர், மாலையில். "மாலை" என்பது கீழே இறங்க இறங்க 6 மணி என்று உறைந்துபோனது. உண்மையில், சிரியா விடியலை விரும்பியது, எகிப்து பிற்பகலை விரும்பியது. சில நாட்களுக்கு முன் மதியம் 2 மணி என்று சமரசம் ஆகியிருந்தது.

48 மணி நேரம் பத்து மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பத்திலும் சில மணி நேரம் வாக்குவாதத்தில் போனது. எலாசர் முந்திக்கொண்டு தாக்க வேண்டும், பெருமளவில் ரிசர்வை அழைக்க வேண்டும் என்றார். தயான் முன்தாக்குதல் கூடாது, தற்காப்புக்கு வேண்டிய அளவு ஆட்களை மட்டும் அழைப்போம் என்றார். காலை 8 மணிக் கூட்டத்தில் கோல்டா தீர்ப்புச் சொன்னார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அழைக்கலாம், முன்தாக்குதல் வேண்டாம். முதல் குண்டை நாம் போட்டால் பின்னால் அமெரிக்கா உதவாது என்பது அவருடைய கணக்கு. ஒரு வாரம் கழித்து அமெரிக்க விமானங்கள் ஆயுதங்களோடு வந்திறங்கியதைப் பார்த்தால் அந்தக் கணக்கை லேசில் தள்ள முடியாது.

அன்று யோம் கிப்பூர். யூதர்கள் நோன்பிருந்து பாவமன்னிப்பு வேண்டும் நாள். வண்டி ஓடாது, வானொலிகூட மௌனம். ஆச்சரியம் என்னவென்றால் இதுவே ரிசர்வைத் திரட்ட உதவியது. ஆட்கள் வீட்டிலோ தொழுகைக்கூடத்திலோ இருந்தார்கள், சாலைகள் காலியாகக் கிடந்தன.

6 மணி என்ற நம்பிக்கை சினாயில் பலி வாங்கியது. டாங்கிகள் கால்வாய்க் கரைக்கு முழுமையாக நகரும் முன்பே தாக்குதல் தொடங்கிவிட்டது. மணல் மதிலை எகிப்தியப் பொறியாளர்கள் தண்ணீர்ப் பீரங்கிகளால் கரைத்து வழி வெட்டினார்கள். விரைந்து வந்த டாங்கிகளைக் காலாட்படையின் ஏவுகணைகள் எரித்தன. அக்டோபர் 8-ன் எதிர்த்தாக்குதலும் தோற்றது.

போரின் மீதிக் கதை பலருக்குத் தெரிந்தது. அக்டோபர் 14-ல் எகிப்து தன் ஏவுகணைக் குடையை விட்டு வெளியே வந்து டாங்கிகளை இழந்தது. அடுத்த நாள் இரவு இஸ்ரேலியத் தளபதி ஷரோனின் படை கால்வாயைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போனது. எகிப்தின் மூன்றாம் படை சுற்றி வளைக்கப்பட்டது. போர் நின்றபோது இஸ்ரேல் களத்தில் மேலே இருந்தது. ஆனால் 2,600-க்கும் மேற்பட்ட இஸ்ரேலிய வீரர்கள் இறந்திருந்தார்கள். எகிப்து, சிரியா தரப்பில் இறந்தவர்கள் இதைவிடப் பல மடங்கு.

கோடு எங்கே போடப்பட்டது?

நவம்பரில் உச்ச நீதிமன்றத் தலைவர் ஷிமோன் அக்ரனாத் தலைமையில் ஐவர் கமிஷன் அமைந்தது. மற்ற நால்வரில் ஒருவர் நீதிபதி, ஒருவர் அரசுத் தணிக்கையாளர், இருவர் முன்னாள் தலைமைத் தளபதிகள். 1974 ஏப்ரல் தொடக்கத்தில் இடைக்கால அறிக்கை வந்தது. எலாசர், ஜெய்ரா, அமானின் ஆய்வுப் பிரிவுத் தலைவர் அர்யே ஷலேவ், எகிப்துப் பிரிவின் யோனா பந்த்மன், சிமன்-டோவின் அறிக்கையைத் தடுத்த டேவிட் கெதாலியா ஆகியோரை நீக்கப் பரிந்துரைத்தது. தெற்குத் தளபதி ஷ்முவேல் கோனெனையும் நிறுத்தி வைக்கச் சொன்னது. கோல்டா, தயான் இருவருடைய அரசியல் பொறுப்பு தன் வேலை அல்ல என்றது.

கமிஷனின் ஆய்வில் நல்லது இல்லாமல் இல்லை. மதிப்பீட்டை ஒரே இடத்தில் குவித்ததுதான் நோய் என்று சரியாகக் கண்டது. அதன் விளைவாக வெளியுறவு அமைச்சகமும் மொசாத்தும் சொந்தமாக ஆய்வு செய்யத் தொடங்கின. அமானுக்குள்ளேயே பொதுக் கருத்துக்கு எதிராக வாதாடுவதற்கென்று ஒரு பிரிவு அமைந்தது. அதை "இப்கா மிஸ்தப்ரா" என்பார்கள். யூத மத நூலான தல்மூதிலிருந்து எடுத்த அரமாயிக் சொல். மாற்றிப் பார்த்தாலும் பொருந்துமே என்பது போல ஒரு பொருள். (அந்தப் பிரிவு இருந்தும் 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸின் திடீர்த் தாக்குதல் நடந்தது. போர்வை பழையது, ஆள்தான் புதிது.)

என்றாலும் பொறுப்பின் கோட்டைச் சீருடையோடு நிறுத்தியது நியாயமாகப் படவில்லை. கொன்செப்சியா உளவுத்துறையின் கோப்பில் மட்டும் இருக்கவில்லை. 1971 பிப்ரவரியில் சதாத் கால்வாயைத் திறக்கவும் படிப்படியாக விலகவும் ஒரு யோசனையை வைத்தார். அது உருப்படவில்லை. 1973 தொடக்கத்தில் அவருடைய ஆலோசகர் ஹாஃபிஸ் இஸ்மாயில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிசிஞ்சரைச் சந்தித்ததும் எங்கும் கொண்டுபோய் விடவில்லை. காலம் நம் பக்கம், அவசரம் அவர்களுக்குத்தான் என்பது அமைச்சரவையின் நம்பிக்கை. சினாயின் தென்கோடியில் இருக்கும் ஷர்ம் எல்-ஷேக் இல்லாத சமாதானத்தைவிடச் சமாதானம் இல்லாத ஷர்ம் எல்-ஷேக் மேல் என்று தயான் சொன்னது அந்தக் காலத்தில்தான். எதிரியால் எதுவும் செய்ய முடியாது என்று மேலே இருப்பவர்களே நம்பும்போது, வாய்ப்பு குறைவு என்று கீழே எழுதுவது சுலபம்.

மக்கள் இதைக் கமிஷனைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். சினாய் வடகோடியில் கடைசி வரை வீழாமல் நின்ற "புடாபெஸ்ட்" காவல்நிலையின் தளபதி மோட்டி அஷ்கெனாசி, 1974 பிப்ரவரியில் பிரதமர் அலுவலகத்துக்கு எதிரே தனி ஆளாக உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அறிக்கை வந்த பத்தே நாளில் கோல்டா ராஜினாமாவை அறிவித்தார். ஜூனில் ராபின் பிரதமரானார். 1977 தேர்தலில், நாடு உருவான நாளிலிருந்து ஆண்ட தொழிற்கட்சியே ஆட்சியை இழந்தது.

எலாசர் 1976-ல் நீந்திக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 50. முழு ரிசர்வையும் அழையுங்கள் என்று அந்தக் காலையில் கேட்ட தளபதி அவர். தயானை 1977-ல் புதிய பிரதமர் மெனாகெம் பெகின் வெளியுறவு அமைச்சராக்கினார். அதே ஆண்டு நவம்பரில் சதாத் ஜெருசலேமில் வந்திறங்கினார். அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் சினாயைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சில் தயானும் உட்கார்ந்திருந்தார். ஷர்ம் எல்-ஷேக் 1982 ஏப்ரலில் எகிப்தின் கைக்குப் போனபோது சதாத்தும் தயானும் உயிரோடு இல்லை. இருவருமே அதற்கு முந்தைய அக்டோபரில் இறந்திருந்தார்கள்.